விட்டுவிட்டுக் கேட்கும் என்ஜின் ஒலி: எங்கிருந்து தேடுவது?

கார் என்ஜினில் டிக் டிக் என்ற ஒலி சில நேரம் கேட்டு, சில நேரம் மறைந்துவிடுமானால், எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் அது எப்போது வருகிறது என்பதைச் சில நாட்கள் குறித்து வையுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா, வேகமெடுக்கும்போதா என்ற விவரமே பாதி விடையைத் தந்துவிடும்.

அடுத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். அது குறைந்தால், வால்வுகளைத் திறக்க உதவும், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் சிறு பாகங்களான ஹைட்ராலிக் லிஃப்டர்களுக்குப் போதிய அழுத்தம் கிடைக்காமல் வால்வுப் பகுதியில் தட்டும் ஒலி எழலாம். ஆயில் அழுத்த விளக்கும் எரிந்தால் என்ஜினை உடனே அணைத்துவிடுங்கள். இதில் தயக்கமே கூடாது.

அளவு சரியாக இருந்தால் தாளத்தைக் கவனியுங்கள். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், என்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றுகளில் ஓடும்போது ஒரு வால்வின் தட்டல் நிமிடத்துக்கு 400 முறை கேட்கும். ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை) கசிவும் இதே தாளத்தில்தான் ஒலிக்கும் என்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. ஆனால் கசிவின் ஒலி, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கூடும். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாயான மேனிஃபோல்டு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். இணைப்பின் அருகே கரிப்படிவும் தெரியக்கூடும். மெல்லியதாக, சீராகக் கேட்பது பெரும்பாலும் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் இயல்பான ஒலியே.

இடத்தை உறுதிசெய்ய, நீளமான ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, சுழலும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் எட்டாத தொலைவில் நின்று, மறுமுனையை ஒவ்வொரு பகுதியாக நகர்த்திக் கேளுங்கள்.