உச்சஸ்தாயியில் பாடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி மாதத்தில் இலங்கை மலையகத் தோட்டங்களில் காமன், ரதி கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் இரவுகளில், தப்பு என்னும் பறையின் ஓசையை மீறித் தம் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகப் பாடுகிறவர்கள் தொண்டையை இறுக்கிக் கத்துகின்றனர். விடியும்போது குரல் கம்மிவிட்டால், மனமொன்றிப் பாடியதன் அடையாளம் என்று அதைப் பாராட்டுகிறவர்களும் உண்டு. உண்மையில் அந்தக் கம்மல் குரல்நாண்கள் வீங்கியதன் அடையாளம். ஆண்டுதோறும் அதைப் பொறுத்துக்கொண்டே பாடினால், நாண்களின் விளிம்பில் கணுக்கள் தோன்றக்கூடும்.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, கீழ்ச்சுருதியில் பாடும் கனத்த நெஞ்சுக்குரலை அதே கனத்தோடு மேலே இழுத்துச் செல்வதுதான். கீழ்ச்சுருதியில் குரல்நாண்கள் குறுகித் தடித்து அதிர்கின்றன. சுருதி ஏற ஏற அவை நீண்டு மெலிய வேண்டும். நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 400 அதிர்வுகள் வரையிலான பகுதியில் பலருக்கும் குரல் உடைவது இந்த மாற்றத்துக்கு இடம்கொடுக்காததால்தான். அந்தப் பகுதியை முதலில் தலைக்குரலில், அதாவது நாண்கள் மெலிந்து அதிரும் மெல்லிய குரலில் பாடிப் பழகி, பிறகு சிறிது சிறிதாகக் கனம் சேர்க்க வேண்டும். தலைக்குரலைக் கள்ளக்குரல் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பயிற்சியை இழந்துவிடுகிறார்கள்.

பெல்டிங் எனப்படும் ஓங்கிய பாட்டுக்கு அதிகக் காற்று தேவை என்பது அடுத்த தவறான எண்ணம். அந்த முறையில் நாண்கள் ஒவ்வோர் அதிர்விலும் நீண்ட நேரம் மூடியிருப்பதால் காற்று குறைவாகவே வெளியேறுகிறது. ஆகையால் தோளை உயர்த்தி மார்பு நிறைய மூச்சை அடைத்துக்கொள்வது இறுக்கத்தைத்தான் கூட்டும். ஓசையைப் பெருக்குவதில் வாய்த்திறப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 'ஆ', 'ஏ' உச்சத்தில் எளிதாக ஒலிக்கும். 'ஈ', 'ஊ' வரும் இடங்களில் வாயைச் சற்றுக் கூடுதலாகத் திறக்கலாம். அப்படியும் எட்டாவிட்டால் பாட்டின் கட்டையை (அடிச்சுருதியை) குறைப்பதில் எந்த இழிவும் இல்லை.

பனியில் தளர்ந்த தப்பை நெருப்பில் காய்ச்சாமல் யாரும் அடிப்பதில்லை. குரலுக்கும் அந்தக் கவனம் வேண்டும். குளிர்பானக் குழாயை உதட்டில் வைத்து, பத்து நிமிடம் ஏற்றியும் இறக்கியும் முனகினாலே போதும்.

சுக்கு, கற்கண்டு, பிளேன்டீ எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, விழுங்குவது உணவுக்குழாய் வழியே போகிறது. நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பதே பயன் தரும். கம்மிய பிறகு கிசுகிசுத்துப் பேசுவதையும் தவிர்க்க வேண்டும், பலருக்கு அது நாண்களை மேலும் இறுக்கும். மூன்று வாரங்களுக்கு மேல் கம்மல் நீடித்தால், குறிப்பாகப் புகைப்பவர்கள், காது மூக்கு தொண்டை நிபுணரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.