சேலத்து மலைகளில் பாறை பார்ப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

இப்பயணத்துக்கு ஒரு காந்தம், சிறு புட்டியில் வினிகர், ஒரு பூதக்கண்ணாடி ஆகியவை போதும். சுரங்க வேலிக்குள்ளும் காப்புக்காட்டிலும் அனுமதியின்றி நுழையக் கூடாது. சாலையோர வெட்டுகளிலும் உதிர்ந்து கிடக்கும் கற்களிலுமே வேண்டியதைப் பார்த்துவிடலாம்.

முதலில் சேலத்தின் மாக்னசைட் ஜங்ஷன் ரயில் நிலையப் பக்கம் செல்லுங்கள். அங்குள்ள வெள்ளைக்கல் சுண்ணாம்புபோல் தோன்றியதால் ஆங்கிலேயர் அம்மலைகளுக்குச் ‘சாக் ஹில்ஸ்’ (சுண்ணாம்பு மலைகள்) எனப் பெயரிட்டனர். அது சுண்ணாம்பல்ல என்பதை வினிகர் காட்டிவிடும். சுக்கான்கல்லின் மீது ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும், வெள்ளைக்கல்லின் மீது விட்டால் அநேகமாக எதுவும் நிகழாது. ஏனெனில் இது மாக்னசைட் எனும் மக்னீசியம் கார்பனேட். குளிர்ந்த, வலுக்குறைந்த அமிலத்தில் மிக மெதுவாகவே கரையும். அடுத்து, வெள்ளைக் கோடுகள் தாய்ப்பாறையைத் தொடும் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மக்னீசியம் மிகுந்த டியூனைட் பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கரைந்த நீர் புகுந்து, பாறையைச் சிதைத்து, அங்கேயே இக்கனிமத்தைப் படியவைத்ததால்தான் கோடுகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

இரண்டாவதாகக் கஞ்சமலை. சித்தர் கோயில் பக்கத்து ஓடை மணலில், பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தை இழுத்தால் கரிய துகள்கள் ஒட்டும். பையை உருவினால் துகள்கள் தானாக உதிரும். வெறுங்காந்தமென்றால் சுரண்டியெடுக்க நேரும். மலையிலுள்ள மாக்னடைட் குவார்ட்சைட் பாறையிலிருந்து வந்த இரும்புத் தாதுதான் அது.

மூன்றாவதாக ஏற்காடு மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகளில், வண்டிகளுக்கு இடையூறின்றி நிற்க இடமுள்ள ஒன்றில் இறங்கி, பாறையின் புதிய உடைப்பைத் தேடுங்கள். வெளித்தோல் பழுப்பாக இருந்தாலும் உள்ளே எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் நீலச்சாம்பல் நிறம் தெரிந்தால் அது சார்னோக்கைட். கல்கத்தாவிலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லை ஆராய்ந்து, 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இப்பாறைக்கு அப்பெயரைச் சூட்டினார்.

கடைசியாக, ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்திலுள்ள சேர்வராயன் கோயில் மேட்டுக்குச் செல்லுங்கள். கீழே கண்ட அதே சார்னோக்கைட், இங்கே நெடுங்கால மழையில் சிலிக்காவை இழந்து, அலுமினியம் மிகுந்த செந்நிறப் பாக்சைட்டாக மாறியிருக்கிறது. இதனால்தான் மலையுச்சியை முதலில் பார்க்கக் கூடாது என்கிறேன்; மூலப்பாறையை அறியாதவருக்கு இது வெறும் செம்மண்ணாகத்தான் தோன்றும். கல்லை எடுத்து வராமல், அளவுக்கு ஒரு நாணயத்தை அருகில் வைத்துப் படம் பிடித்து, இடத்தையும் உயரத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.