கொள்கையோடு கைபேசி வைத்திருப்பது எப்படி: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

எவற்றை மதித்து வாழ்கிறீர்கள் என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானோர் தயங்காமல் பதில் சொல்வார்கள். பெரியவர்களுக்கு மரியாதை, பிள்ளைகளின் படிப்பு, இல்லாதவருக்குக் கொடுப்பது, செத்தவீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது, அயலவரின் மானத்தைக் காப்பது என்று பட்டியல் நீளும். இவற்றில் எதையும் கைபேசி நம்மிடமிருந்து பறித்துவிடவில்லை; ஆனால் ஒவ்வொன்றையும் செய்யும் முறையை அது மாற்றியிருக்கிறது, அப்படி மாற்றும்போது நம்மிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. யாரும் நம்மை எந்தக் குழுவிலும் சேர்க்கலாம், வந்த படம் தானாகவே கைபேசியில் சேமிக்கப்படும், ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் என்பவையெல்லாம் கலிபோர்னியாவில் இருக்கும் நிறுவனங்கள் எடுத்த முடிவுகள். நாம் முடிவெடுக்காமல் விட்ட இடங்களில் அவர்களுடைய முடிவே நம் வீட்டு வழக்கமாகிவிடுகிறது. ஆகவே சந்தர்ப்பம் வந்த பிறகு மனவுறுதியைத் தேடிக்கொண்டிராமல், அது வருவதற்கு முன்பே முடிவெடுத்து, அதை வீட்டாருக்கும் சொல்லிவைக்க வேண்டும் என்பதே நான் இங்கே சொல்லவரும் முறை.

அதற்கு ஒரு பழைய கொப்பி போதும். அதில் ‘நேர்மை’, ‘மரியாதை’ என்று எழுதுவதில் பயனில்லை, ஏனென்றால் அவற்றை நாம் எப்போது மீறுகிறோம் என்பது நமக்கே தெரியாது. ‘யார் சொன்னதென்று தெரியாத செய்தியை அனுப்ப மாட்டேன்’, ‘ஐயாவோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது போனை எடுக்க மாட்டேன்’ என்பது போல, செய்தோமா இல்லையா என்று மற்றவர் பார்த்துச் சொல்லக்கூடிய வசனங்களாக எழுதுங்கள். நாலைந்து வசனங்களுக்கு மேல் வேண்டாம். எழுதியதை வீட்டிலுள்ள பதின்ம வயதுப் பிள்ளையிடம் காட்டுங்கள். நாம் எங்கே வழுக்குவோம் என்பதை அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

அதே நாளில் வட்ஸ்அப் அமைப்புகளில் மூன்று வேலைகளை முடித்துவிடலாம். குழுக்களில் உங்களைச் சேர்க்கும் அனுமதியைத் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுங்கள், படங்களும் காணொளிகளும் தானாகத் தரவிறங்குவதை நிறுத்துங்கள், ஆறு இலக்க இரகசிய எண்ணுடன் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

கொடுப்பதும் காட்டுவதும்

வன்னியிலோ தீவகத்திலோ ஒரு குடும்பத்தின் வறுமையைப் படம்பிடித்து, வெளிநாட்டில் இருப்பவர் அனுப்பிய பணத்தை அவர்கள் கையில் கொடுப்பதைக் காட்டும் காணொளிகள் யூரியூப்பில் நிறைய இருக்கின்றன. அவற்றால் வீடு கிடைத்தவர்களும் மருந்து கிடைத்தவர்களும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ரொறன்ரோவில் இரட்டை வேலை செய்து பணம் அனுப்புகிறவர், அது உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று அறிய விரும்புவதும் முற்றிலும் நியாயமானது. ஆனால் பணம் சேர்ந்ததற்கான ஆதாரம் வேறு, பெற்றவரின் கண்ணீரைக் காட்சியாக்குவது வேறு. தன் வீட்டு அடுப்படியையும் கிழிந்த கூரையையும் வகுப்பு முழுவதும் பார்த்துவிட்ட பிறகு திங்கட்கிழமை பாடசாலைக்குப் போக வேண்டிய பிள்ளையை, காணொளி எடுத்தவரும் பார்த்தவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ‘அவர்கள் சம்மதித்துத்தானே எடுத்தோம்’ என்ற பதிலை நான் ஏற்பதில்லை. பணம் தேவைப்படுகிறவர், அதைக் கையில் வைத்திருப்பவரிடம் மறுத்துச் சொல்வது எப்படி?

நீங்கள் கொடுப்பவரானால், ‘படம் எடுக்க விட்டாலும் விடாவிட்டாலும் இந்தப் பணம் உங்களுக்குத்தான்’ என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் கேட்கும் எந்தச் சம்மதமும் சம்மதம் ஆகாது. ஆதாரத்துக்கு வேறு வழிகள் தாராளமாக உண்டு. பாடசாலைச் செலவென்றால் புத்தகக் கடைப் பற்றுச்சீட்டும் அதிபரின் ஒரு வரிக் கடிதமும் போதும். கூரை, கிணறு, மலசலகூடம் போன்ற வேலையென்றால், தொடங்கும் முன் ஒரு படமும் முடிந்த பின் ஒரு படமும் ஆட்கள் இல்லாமல் எடுக்கலாம், சீமெந்துக் கடைச் சிட்டையையும் சேர்த்து அனுப்பலாம். மாதாந்த உதவியென்றால் தாயின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புங்கள்; இடையில் ஆளே தேவையில்லை. குடும்பத்தின் நிலைமை உண்மைதானா என்று ஐயம் இருந்தால் கிராம அலுவலரிடமோ, அந்த ஊர்க் கோயில் அல்லது தேவாலயத்தில் பொறுப்பில் இருப்பவரிடமோ ஓர் அழைப்பில் விசாரித்துவிடலாம்.

ஒருவர் மூலமாகத்தான் கொடுக்க வேண்டியிருந்தால் அவருக்கு அனுப்பும் முதற்செய்தியிலேயே ‘முகம் வரும் படம் வேண்டாம், பற்றுச்சீட்டுப் போதும்’ என்று எழுதுங்கள். அவர் காணொளி இல்லாமல் முடியாது என்றால் வேறொருவரைத் தேடுவதே நல்லது. இன்னுமொரு கேள்வியையும் கூச்சமில்லாமல் கேட்கலாம். யூரியூப்பில் விளம்பரங்களுக்குத் தகுதிபெற்ற அலைவரிசையொன்றின் நெடுங்காணொளிகளுக்குக் கிடைக்கும் விளம்பர வருமானத்தில் 55 வீதம் அதன் உரிமையாளருக்குப் போகிறது; அந்தக் காணொளியில் அழுத தாய்க்கு அதில் பங்கு உண்டா? இந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பல விடயங்களை விளங்கிக்கொள்ளலாம். பார்வையாளராக மட்டும் இருப்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. இத்தகைய காணொளியைக் கடைசிவரை பார்ப்பதும் பகிர்வதும் அடுத்த காணொளிக்குக் கொடுக்கும் முற்பணம் என்றே நான் கருதுகிறேன்.

செத்தவீட்டுச் செய்தி

மரணச் செய்தி முகநூலில் முதலில் வந்து, அதன் பிறகே உடன்பிறந்தவருக்குத் தெரியவரும் நிலை நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. நேரில் சென்றோ ஆளனுப்பியோ சொல்வது என்ற பழைய வழக்கத்துக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது: நெருங்கியவருக்கு முதலில், தூரத்தவருக்குப் பிறகு. அதை அப்படியே தொலைபேசியிலும் கடைப்பிடிக்கலாம். பிள்ளைகள், சகோதரர், பெறாமக்கள் எல்லோருக்கும் குரலில் சொல்லி முடியும்வரை எந்தக் குழுவிலும் எழுதுவதில்லை என்று குடும்பத்தில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். அயலவராக இருந்து செய்தியை அறிந்தவர், வீட்டார் அறிவிக்கும்வரை ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று எங்கும் போடாமல் பொறுத்திருக்க வேண்டும். உடலின் படத்தை எடுக்கவே வேண்டாம்.

இறுதிக்கிரியையை நேரலையாகக் காட்டுவதைச் சிலர் குறை சொல்வதுண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருப்பதாலோ விடுமுறை கிடைக்காததாலோ தாயின் செத்தவீட்டுக்கு வர முடியாத மகனுக்கு அதுவே ஒரே வழி. செய்யும் முறையில்தான் கவனம் வேண்டும். யூரியூப்பில் நேரலையைப் பொதுவில் விடாமல் ‘பட்டியலிடப்படாதது’ என்ற தெரிவைக் கொடுத்தால், இணைப்புக் கிடைத்தவர் மட்டுமே பார்க்க முடியும். கிடுகுவேலியில் அயலவருக்காக விட்டுவைக்கும் பொட்டைப் போல, தெரிந்தவர் வந்துபோக அது போதும். ஆனால் இணைப்பைக் குழுக்களில் போட்டுவிட்டால் அது எங்கு போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஆகவே தேவையானவருக்குத் தனித்தனியே அனுப்புங்கள். கமராவை முற்றத்தில் ஓரிடத்தில் நிறுத்தி வையுங்கள். அழுகிறவர்களின் முகத்தை நோக்கிக் கொண்டுபோகக் கூடாது என்று படப்பிடிப்பாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்திரட்டி முடிந்த பின் காணொளியைத் தரவிறக்கிக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டு இணையத்திலிருந்து நீக்கிவிடலாம்.

சாமத்தியவீட்டுப் படங்கள்

பூப்புனித நீராட்டு விழாவுக்குப் படம் எடுக்கும் நிறுவனங்கள் தங்கள் விளம்பரத்துக்காக அந்தப் பெண்பிள்ளையின் காணொளியை முகநூலிலும் ரிக்ரொக்கிலும் போடுவது இப்போது வழமையாகிவிட்டது. தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. ஆனால் தனிமனிதர் தம் சொந்த, குடும்பத் தேவைக்காக மட்டும் கையாளும் தரவுகளுக்கு அது பொருந்தாது. மாமியும் சித்தியும் எடுத்து உறவினர் குழுவில் பகிரும் படத்துக்கு நம் வீட்டு ஒழுங்குதான் சட்டம். முற்பணம் கொடுக்கும் சிட்டையிலேயே ‘எழுத்துமூல அனுமதியின்றிப் படங்களையோ காணொளியையோ எங்கும் வெளியிடக் கூடாது’ என்று ஒரு வரியை எழுதி, நிறுவனத்தாரிடம் கையொப்பம் வாங்குங்கள். பிறகு பிள்ளையிடம் கேளுங்கள். அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான் என்றாலும், எந்தப் படம் யாருக்குப் போகலாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கே இருக்க வேண்டும். இன்று கேட்காமல் போட்ட படத்தோடு அவள்தான் நாளை பல்கலைக்கழகம் போகப்போகிறாள்.

நல்லூரில் திருவிழா நாட்களில் அதிகாலையில் அங்கப்பிரதட்டை செய்கிறவர்களைப் படமெடுத்துப் போடுவோருக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். நேர்த்தி அவர்களுடையது, படம் நம்முடையது அல்ல.

முன்னனுப்பும் செய்திகள்

வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி, குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அத்தகைய செய்தியை ஒரு தடவையில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற கட்டுப்பாட்டை 2020 ஏப்ரலில் அந்த நிறுவனம் கொண்டுவந்தது. அந்தக் குறியைக் கண்டதும் நிறுத்துவது என்று முடிவெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. புயல், வெள்ளம் பற்றிய செய்தியென்றால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள், அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். ‘அவசரமாக இரத்தம் தேவை’ என்று வரும் செய்திகளில் பல மாதக்கணக்காகச் சுற்றுபவை. அனுப்பும் முன் அதிலுள்ள இலக்கத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், உண்மையென்றால் அன்றைய திகதியைச் சேர்த்து அனுப்புங்கள்.

வயதில் மூத்த உறவினர் பொய்ச்செய்தி ஒன்றைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் நம்மவர்களுக்கு உண்மையான சிக்கல். குழுவிலேயே திருத்தினால் மரியாதை போகும், பேசாமல் விட்டால் பொய் பரவும். தனியாக அழைத்து, ‘மாமா, நீங்கள் போட்ட செய்தி போன வருசத்தையது போலக் கிடக்கு, ஒருக்கால் பாத்திட்டு எடுத்துவிடுங்கோ’ என்று சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். அனுப்பிய செய்தியை எல்லோருக்கும் அழிக்க வட்ஸ்அப் இரண்டு நாட்களுக்குச் சற்று அதிகமான அவகாசமே தருகிறது என்பதால், அழைப்பை நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.

நேரம்

ரொறன்ரோவில் மாலை 6 மணிக்கு வேலையால் வந்து எடுக்கப்படும் அழைப்பு, அங்கே கோடைகாலமென்றால் இங்கே அதிகாலை 3.30க்கு ஒலிக்கும், குளிர்காலத்தில் 4.30க்கு. அதற்காகவே அம்மம்மாவின் தலைமாட்டில் இரவு முழுவதும் கைபேசி கிடக்கிறது. ஞாயிறு காலை அங்கே 8 மணி, இங்கே மாலை 5.30 அல்லது 6.30 என்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, இரவில் ‘தொந்தரவு செய்யாதே’ என்ற தெரிவில் இரண்டு மூன்று இலக்கங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிடுங்கள். அவசர அழைப்பு அப்போதும் ஒலிக்கும். பிறந்தநாள் வாழ்த்து விடியும்வரை காத்திருக்கும்.

ஆவணங்கள்

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அந்த இழப்பை அறிந்த ஊரில் பழைய கடிதங்களையும் படங்களையும் பேணுவது பொழுதுபோக்கு அல்ல. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் வாசிக்கும்படி திரட்டி வைத்திருக்கிறது. உங்கள் வீட்டிலுள்ள பழைய மலர்கள், கல்வெட்டு எனப்படும் நினைவு வெளியீடுகள் அங்கே இல்லையென்றால் அவர்களைத் தொடர்புகொள்ளலாம். வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கோப்புகள் இருந்தால் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் பேரப்பிள்ளைகள் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளையே காண்பார்கள். படங்களில் இருப்பவர்களின் பெயர்களை அறிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். காணி உறுதிகளின் படத்தை மட்டும் குழுக்களில் அனுப்ப வேண்டாம்.

உங்கள் சொந்தக் கணக்குகளுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கை கூகிள் நீக்கக்கூடும், அதிலுள்ள படங்களும் சேர்ந்தே போய்விடும். ‘செயலற்ற கணக்கு நிர்வாகி’ என்ற பகுதியில் 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைத் தெரிவுசெய்து, அதற்குப் பிறகு உங்கள் தரவுகளைப் பெறவேண்டியவரின் மின்னஞ்சலைக் கொடுக்கலாம். மூத்த பிள்ளையின் பெயரை வழக்கத்தால் எழுதிவிடாமல், பழைய படங்களில் உண்மையாகவே ஆர்வமுள்ளவர் யாரென்று பார்த்து அவருடையதைக் கொடுங்கள். கொடுத்ததை அவரிடம் சொல்லியும் வையுங்கள்.