பொக்லைன் ஓட்டும்போது கண் எங்கே இருக்க வேண்டும்?

புதிதாகப் பொக்லைன் லீவரைப் பிடிக்கும் தம்பிகளைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். கண் பக்கெட் பல்லை விட்டு அகலாது. மண் எப்படி வருகிறது, பக்கெட் நிறைந்ததா, டிப்பரில் சரியாக விழுந்ததா, இதிலேயே கவனம் முழுக்கப் போய்விடும். ஆனால் ஆளையும் வண்டியையும் காவு வாங்கும் தவறுகள் அந்த இடத்தில் நடப்பது குறைவு. வண்டி ஊர்ந்து போகும் செயினுக்குக் கீழே, பின்பக்க எடையான கவுன்டர் வெயிட்டுக்குப் பின்னால், பக்கெட்டைத் தாங்கும் நீளக் கையான பூமுக்கு மேலே, கண் போகாத அந்த மூன்று இடங்களில்தான் நடக்கின்றன.

முதலில் செயினுக்குக் கீழே. நான் ஓட்டத் தொடங்கிய இரண்டாவது வருடம், ஓர் ஏரியில் தூர் வாரும் வேலை. பள்ளம் 3 மீட்டருக்கு இறங்கியிருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து ஏறப் போகும்போது தரையைப் பார்த்தேன். பள்ளத்தின் விளிம்பை ஒட்டினாற்போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. தலைமுடி கனம்தான். செயினின் முன்பாதிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்திருந்தது. காலையில் அது இல்லை. ஒரு வேப்பங்குச்சியை உள்ளே விட்டேன், முழங்கை ஆழத்துக்குத் தடையில்லாமல் இறங்கியது. வண்டியை ஆடாமல் அசையாமல் பின்னால் எடுத்தேன். மறுநாள் காலை அந்த மண் பாளம் அப்படியே பள்ளத்துக்குள் கிடந்தது. 20 டன் வண்டியோடு நானும் அதில் போயிருப்பேன்.

அதனால் விளிம்பில் நிற்கும்போது செயினை எப்போதும் பள்ளத்துக்கு நேராக நிறுத்துங்கள், விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில் வேண்டாம். நேராக நின்றால் மண் நகரும்போது ஒரே இழுப்பில் பின்வாங்கலாம். பக்கவாட்டில் நின்றால் ஒரு பக்கச் செயின் முழுதாக இறங்கிவிடும், தப்ப வழியில்லை. செயினைச் சுற்றவைக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பின்னால் இருக்கட்டும். நிற்கிற மண்ணையே அடியில் குடைந்து எடுக்கும் பழக்கம் அறவே கூடாது. வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதும் அதே தவறுதான். ஈர மண் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 2 டன் கனக்கும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி விளிம்பிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளிக் கொட்டச் சொல்கிறது. நம் களிமண்ணுக்கும் வண்டலுக்கும் அது போதாது என்பது என் எண்ணம். இடம் இருந்தால் இன்னும் தள்ளிக் கொட்டுங்கள்.

கேபினைத் திருப்பியபடியே வேலை செய்துவிட்டு அவசரமாக நகர்த்தும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. கேபின் பின்பக்கம் திரும்பியிருந்தால் பெடலை முன்னால் அழுத்த வண்டி பின்னால் போகும். பள்ளத்தை விட்டு விலகுவதாக நினைத்துப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கியவர்கள் உண்டு. பெடலைத் தொடும் முன் ஸ்ப்ராக்கெட் எந்தப் பக்கம் என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பின்னால். சித்திரை வெயிலில் ஹெல்பர் பையன் நிழல் தேடி எங்கே போவான்? வண்டி நிழலுக்குத்தான். மேல்பகுதியைச் சுழற்றி ஸ்விங் அடித்தால் கவுன்டர் வெயிட் சுற்றும் வட்டத்துக்குள் வந்து குந்திவிடுவான். பின்னால் சுவரோ டிப்பரோ இருந்துவிட்டால் ஒதுங்கக்கூட இடமிருக்காது. இதில் பையன்மேல் பழி போடுவதை என்னால் ஏற்க முடியாது. ஒதுங்க நிழல் செய்து தருவது சைட்டின் பொறுப்பு. நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் போதும். வட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். ஆள் கண்ணில் படவில்லை என்றால் ஹாரன் அடித்து, அவர் எங்கே என்று தெரிந்த பிறகே ஸ்விங்.

மேலே மின்கம்பி. காலையில் அளந்து பார்த்து இடைவெளி போதும் என்று தொடங்குவோம். மண்ணை நிரப்ப நிரப்பத் தரை உயரும், வண்டியும் அதோடு உயரும், வெயிலில் கம்பியும் தொய்யும். சாயங்காலம் அந்த இடைவெளி இருக்காது. 50 கிலோவோல்ட் (கேவி) வரையிலான கம்பிக்கு 10 அடி, அதாவது 3 மீட்டர், குறையவே கூடாது என்கிறது ஓஷா. நம் தெரு 11 கேவி லைனும் இதில் அடக்கம். தப்பித்தவறி பூம் பட்டுவிட்டால் சீட்டை விட்டு இறங்காதீர்கள். முடிந்தால் பூமை விலக்குங்கள். யாரையும் கிட்டே வர விடாதீர்கள், மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் மட்டும் வெளியே குதிக்க வேண்டும். வண்டியைத் தொட்டுக்கொண்டே தரையில் கால் வைக்கக் கூடாது. இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, சேர்த்தபடியே தத்தித் தத்தி விலகுங்கள்.

லோடு ஏற்றுவதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. டிப்பரைத் தள்ளி நிறுத்திவிட்டு ஒவ்வொரு பக்கெட்டுக்கும் அரைவட்டம் சுற்றுகிறவர்கள் டீசலையும் நேரத்தையும் வீணாக்குகிறார்கள். 0.9 கன மீட்டர் பக்கெட் என்றால் மூன்று பக்கெட்டுக்குச் சற்றே கூடுதலாகப் போட்டால் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி. டிப்பரைக் கிட்டே, கொஞ்சம் தாழ்வில் நிறுத்தினால் சின்ன ஸ்விங்கிலேயே முடியும். டிரைவர் தலைக்கு மேலே மட்டும் பக்கெட்டைக் கொண்டுபோகாதீர்கள். பக்கெட்டால் பாறையைச் சம்மட்டிபோல அடிப்பதும், துடைப்பம்போல பக்கவாட்டில் தள்ளுவதும் மூட்டுகளில் இருக்கும் இரும்புப் பின், புஷ், ஸ்விங் கியர் மூன்றையும் தின்றுவிடும்.

பராமரிப்பில் இரண்டு தவறுகள் கையையே போக்கிவிடும். ஹைட்ராலிக் ஆயில் போகும் ஹோஸில் மெல்லிய கசிவு இருந்தால் விரலால் தடவித் தேடக் கூடாது. உள்ளே இருப்பது 350 பார் அளவுக்குப் போகும் அழுத்தம். ஊசிமுனைத் துளையில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது, ஆனால் உடனே ஆபரேஷன் தேவைப்படும் காயம் அது. அட்டைத் துண்டைக் காட்டித் தேடுங்கள். செயினைத் தளர்த்தக் கிரீஸ் வால்வைத் திறக்கும்போதும் முகத்தை நேரே வைக்காதீர்கள். ஒரு சுற்றுக்கு மேல் திருகினால் வால்வே குண்டுபோலப் பறக்கும்.

வேலை முடிந்ததும் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் எஞ்சினை லோடு இல்லாமல் ஐடிலில் ஓடவிட்டு, டர்போ சூடு தணிந்த பிறகு ஆஃப் செய்யுங்கள். கன்ட்ரோல்களைப் பூட்டும் லாக் லீவரைப் போட்ட பிறகே இறங்குங்கள். ஏரிக்குள் வேலை என்றால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் வண்டியைக் கரைக்கு மேலே ஏற்றி நிறுத்துங்கள். ராத்திரி ஒரு கோடை மழை அடித்தால் போதும், மறுநாள் அதை இழுக்க இன்னொரு பொக்லைன் வர வேண்டியிருக்கும்.