நாகர்கோவில்ல இருந்து சென்னை நேரு இண்டோர் ஸ்டேடியத்துக்கு கச்சேரியோ மேட்ச்சோ பாக்கப் போறவங்களுக்கு

போன வாரம் தங்கச்சி பையன் போன் பண்ணி "மாமா நேரு இண்டோர் ஸ்டேடியத்துல கச்சேரி வருது, டிக்கெட் போட்டுரவா"ன்னு கேட்டான். டிக்கெட்ட அப்புறம் போடு மக்கா, மொதல்ல ட்ரெயின்ல சீட் இருக்கானு பாருன்னு சொன்னேன். நம்மளுக்கு மெட்ராஸ் 700 கிலோமீட்டர், தாம்பரத்துல இருக்கவன் மாதிரி டிக்கெட் கிடைச்சதும் கிளம்பிப் போக முடியாது. அவன்கிட்ட சொன்னத எல்லாம் இங்கயும் எழுதுதேன், நம்ம பிள்ளைங்க யாருக்காவது உதவும்.

ட்ரெயின் ரிசர்வேஷன் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும், கச்சேரி அறிவிப்பு வாறது அதுக்கும் பிந்தி, அதனால அறிவிப்பு வந்த அன்னைக்கே கன்னியாகுமரி எக்ஸ்பிரஸோ அனந்தபுரியோ பாத்துருங்க. சாயங்காலம் ஏறினா காலைல சென்னைல இருப்பிய, அந்த ஒரு பகல் ரெஸ்ட் எடுக்க வேணும். வந்தே பாரத் மதியம் நாகர்கோவில்ல எடுத்து ராத்திரி 11 மணிக்குதான் எக்மோர் போய்ச் சேரும், அதுல போறதுன்னா முந்தின நாளே போகணும். சீட் இல்லனா தட்கல், முந்தின நாள் ஏசிக்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. வடசேரில இருந்து அரசு பஸ்ல போனா கிளாம்பாக்கத்துல இறக்கி விடுவாங்க, அங்க இருந்து சிட்டிக்குள்ள வர இன்னொரு 30 கிலோமீட்டர் இருக்கு, அந்த நேரத்தையும் சேத்து கணக்கு போடுங்க.

இப்ப முக்கியமான ஒண்ணு. மெட்ரோல "நேரு பார்க்"னு ஒரு ஸ்டேஷன் இருக்கு, அது ஸ்டேடியம் கிடையாது. நான் மொத தடவை போனப்ப பேர பாத்து அங்க இறங்கி வெயில்ல அலைஞ்சு, கடைசில ஆட்டோ பிடிச்சு போய்ச் சேர்ந்தப்ப மேட்ச் பாதி முடிஞ்சு போச்சு. ஸ்டேடியம் இருக்கது பெரியமேடுல, நீங்க இறங்க வேண்டியது சென்ட்ரல் மெட்ரோ. எக்மோர்ல இருந்து ஒரே ஒரு ஸ்டாப்தான், ஆனா நேரு பார்க் எக்மோருக்கு அந்தப் பக்கம், சென்ட்ரல் இந்தப் பக்கம், அதனால ஏறும்போதே எந்தப் பக்கம் போற ட்ரெயின்னு பாத்து ஏறுங்க. சென்ட்ரல்ல இறங்கி ரிப்பன் பில்டிங் பக்கமா நடந்தா வந்துரும். உள்ள புட்பால் நடக்கற பெரிய ஸ்டேடியமும் இண்டோர் ஸ்டேடியமும் ஒரே வளாகம்தான், ஆனா கேட் வேற வேற, டிக்கெட்ல என்ன கேட் போட்டிருக்கோ அதுக்கே போங்க, தப்பான கேட்ல வரிசைல நின்னா திரும்ப சுத்தி வரணும்.

சீட்டு விஷயம்தான் நான் நிறைய பேசுவேன், ஏன்னா காசு போறது அங்கதான். உள்ள 8,000 பேர் வரை உக்காரலாம், அதுல நல்ல சீட் எதுன்னு விலைய வச்சு சொல்ல முடியாது. கச்சேரிக்கு ஸ்டேஜ ஒரு கடைசில போட்டிருந்தா நடுத் தரைல சேர் போட்டு அதுக்குதான் அதிக விலை வைப்பாங்க, ஆனா தரை சமதளம், முன்னால இருக்கவன் எழுந்து நின்னு போன தூக்கினா உங்களுக்கு ஸ்டேஜ் தெரியாது, பிள்ளைங்களுக்கு சுத்தமா தெரியாது. குடும்பத்தோட போறவங்க பக்கத்து கேலரில முதல் சில வரிசை எடுங்க. ஆனா ஸ்டேஜுக்கு ஒட்டின ஓரம் வேண்டாம், தொங்க விட்ட ஸ்பீக்கர் மறைக்கும். ஒரு தடவை அந்த ஓரத்துல உக்காந்து மூணு மணி நேரம் பாடகர் முதுகையும் பெரிய ஸ்க்ரீனையும்தான் பாத்தேன், இன்னும் மனசு ஆறல.

சத்தம் எப்படி கேக்கும்னு கேட்டீங்கன்னா, மூடின கூரை, சுத்தி கான்கிரீட், சத்தம் போய் முட்டி திரும்பி வரும், அதனால பின்னாடி போகப் போக பாட்டு வரி கலங்கிரும், பேஸ் மட்டும் நெஞ்சுல இடிக்கும். சவுண்ட் மிக்சிங் பண்றவர் ஸ்டேஜுக்கு நேர் எதிர்ல உக்காந்திருப்பார், அவர் காதுக்கு வச்சுதான் எல்லாத்தையும் சரி பண்ணுவார், அதனால அவர் இருக்க லைனுக்கு கிட்டக்க சீட் கிடைச்சா விடாதீங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு காதுல வைக்க பஞ்சு போதாது, மெடிக்கல் ஷாப்ல இயர் ப்ளக் வாங்கிக்கோங்க.

மேட்ச்னா கணக்கு வேற. கபடிக்கு நடுக்கோட்டுக்கு நேரா, நீளப் பக்கத்துல உக்காருங்க, ரைடர் கால் பாக் லைன் (ரைடர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோடு) தாண்டிச்சா, கூடுதல் பாயிண்ட் தர்ற போனஸ் லைன் தாண்டிச்சானு அங்க இருந்துதான் தெளிவா தெரியும், கடைசில உக்காந்தா கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா தெரியும். வாலிபாலுக்கு நான் கடைசிப் பக்கம்தான் சொல்லுவேன், சர்வ் எப்படி வளையுது, பிளாக்ல எங்க ஓட்டை விடுறாங்கனு அங்கதான் புரியும். நம்ம ஊர்ல கோயில் கொடை, சர்ச் திருவிழான்னா வாலிபால் டோர்னமென்ட் பாத்து வளந்தவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு இத சொன்னா உடனே பிடிபடும். 2019 பிப்ரவரி 22ல இதே ஸ்டேடியத்துலதான் ப்ரோ வாலிபால் லீக் பைனல், சென்னை ஸ்பார்ட்டன்ஸ் காலிகட் ஹீரோஸ ஜெயிச்சது. வாலிபாலுக்குன்னே இவ்வளவு தூரம் போக முடியாதவங்க திருவனந்தபுரம் ஜிம்மி ஜார்ஜ் இண்டோர் ஸ்டேடியத்துல என்ன நடக்குதுனு ஒரு கண்ணு வச்சுக்கோங்க, நம்மளுக்கு ரெண்டு மணி நேரம்தான், பேரே வாலிபால் பிளேயர் பேருதான்.

பை, தண்ணி பாட்டில், பவர் பேங்க் எல்லாம் கேட்ல நிறுத்திருவாங்க, அம்மா கட்டிக் கொடுத்த மட்டிப்பழமும் சிப்ஸும் உள்ள போகாது. பெட்டிய எக்மோர் லாட்ஜ்லயோ ஸ்டேஷன் க்ளோக் ரூம்லயோ வச்சிட்டு கைய வீசிட்டுப் போங்க. க்யூஆர் டிக்கெட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்க, அத்தன ஆயிரம் பேர் ஒரே இடத்துல நின்னா நெட் வராது.

முடிஞ்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல வெளிய வருவாங்க, ஆட்டோக்காரர் கேக்குற ரேட்டுக்கு பதறாதீங்க, பேசாம மெயின் ரோட்டுல சென்ட்ரல் வரைக்கும் நடந்துருங்க. ஆனா மெட்ரோ 11 மணி வரைதான், கச்சேரி இழுத்துட்டே போனா கடைசிப் பாட்டா மெட்ரோவானு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. அந்த நேரத்துக்கு கன்னியாகுமரியும் அனந்தபுரியும் கிளம்பிப் போயிருக்கும், அதனால ராத்திரி தங்க எக்மோர் கென்னட் லேன் பக்கம் ரூம் போட்டு வையுங்க. காலைல 5 மணிக்கு எக்மோர்ல வந்தே பாரத், மதியம் 2 மணிக்குள்ள நம்ம நாகர்கோவில் கோட்டார் ஸ்டேஷன்ல இறங்கிரலாம். புதன்கிழமை மட்டும் அந்த ட்ரெயின் ஓடாது, செவ்வாய் ராத்திரி கச்சேரின்னா வேற வழி பாருங்க.