குழந்தை நொண்டி நடந்தால்: இடுப்பு வலியை வீட்டில் கவனிப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் குழந்தை திடீரென நொண்டினால், சுளுக்கு என்று முடிவுகட்டி உருவிவிட அழைத்துச் செல்வதே பல வீடுகளில் முதல் வேலை. அதைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். இடுப்பு மூட்டில் சீழ் கட்டியிருந்தாலோ எலும்பில் மெல்லிய விரிசல் விட்டிருந்தாலோ உருவுவது கேட்டையே கூட்டும்.

முதலில் காய்ச்சலை அளந்து பாருங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி, குழந்தை காலை ஊன்றவே மறுத்தால், மூட்டில் கிருமித் தொற்று இருக்கலாம்; சில நாள்களுக்குள் குருத்தெலும்பை அரித்துவிடக்கூடிய நோய் என்பதால், விடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நடக்கத் தொடங்காத கைக்குழந்தை, டயப்பர் மாற்றும்போது வீறிட்டு அழுவதும் ஒரு காலை மட்டும் அசைக்காமல் மடக்கி வைத்திருப்பதும் இதே எச்சரிக்கைதான்.

காய்ச்சல் இல்லையென்றால் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, முதலில் நல்ல காலை, பிறகு வலிக்கும் காலை, முழங்காலை மடக்கியபடி, பாதம் வெளிப்பக்கம் போகுமாறு மெதுவாகத் திருப்புங்கள். வலிக்கும் பக்கம் பாதியில் தடைபட்டால் குறை பெரும்பாலும் இடுப்பில்தான். முழங்காலைக் காட்டி அழும் பிள்ளைக்கும் இதைச் செய்யுங்கள். இடுப்பின் வலி நரம்பு வழியாக முழங்காலில் உணரப்படுவது வழக்கம்.

சளி, இருமல் தணிந்த ஓரிரு வாரத்தில், 3 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு வரும் தற்காலிக மூட்டு அழற்சியே மிகப் பரவலான காரணம். ஓட்டமும் குதிப்பும் இல்லாத ஓய்வு, எடைக்கேற்ற வலிமருந்து ஆகியவற்றோடு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். நம் ஊரில் டெங்கி இருப்பதால், காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் இபுபுரோஃபென் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த அழற்சி அரிது. ஆகவே அது நொண்டினால் அன்றே காட்டிவிடுவது நல்லது. வாரக்கணக்கில் நீளும் நொண்டல், குறிப்பாக 4 முதல் 8 வயது ஆண் பிள்ளைகளிடம், தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறையும் பெர்த்தஸ் நோயாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாகவே தெரியக்கூடும் என்பதால் மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பத்து வயதைக் கடந்த, எடை கூடிய பிள்ளை என்றால் தொடை எலும்பின் தலைப்பகுதி, வளர்தட்டில் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதியில்) நழுவியிருக்கலாம். நடக்கவிடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். இரவில் எழுப்பும் வலி, அடிபடாமலே தோலில் தோன்றும் நீல நிறக் கன்றல்கள், வெளிறிய முகம் ஆகியவை சேர்ந்தால் இரத்தப் பரிசோதனை கட்டாயம்.

மருத்துவர் அறையில் பல பிள்ளைகள் பயத்தில் நடக்கவே மாட்டார்கள். வெறுங்காலுடன் நடப்பதைக் கைப்பேசியில் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் காணொளியாகப் பிடித்து எடுத்துச் செல்லுங்கள்.