கரண்ட் வந்த பிறகும் பிரிண்டர் வரவில்லையா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் சின்ன அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. கரண்ட் போய் வந்ததும் இணையம் வந்துவிடும். பிரிண்டர் மட்டும் 'ஆஃப்லைன்' என்று நிற்கும். பெரும்பாலும் பிரிண்டரில் கோளாறு இருக்காது. ரூட்டர் அதற்குப் புது ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) கொடுத்திருக்கும். கணினி பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும்.

பிரவுசரில் ரூட்டர் பக்கத்தைத் திறங்கள். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரூட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டிஎச்சிபி (ஐபி முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் வசதி) பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' போய், பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) 192.168.1.50 போல ஒரு எண்ணை ஒதுக்குங்கள். முதல் மூன்று எண்கள் ரூட்டருடையதாகவே இருக்கட்டும். பிரிண்டரை ஒருமுறை அணைத்து மறுபடி ஆன் செய்து, கணினியின் பிரிண்டர் அமைப்பிலும் பிரிண்டரின் முகவரியாக அதே எண்ணைக் கொடுங்கள்.

அப்புறம், ஃபைபர் இணைப்பென்றால் ரூட்டரோடு சுவரில் இருக்கும் ஓஎன்டி பெட்டியையும் (ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டி) யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்; அப்போதுதான் கரண்ட் போனாலும் இணையம் நிற்காது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.